அயல் திரையில் ஒரு பெயர்

மேரி கொன்ஸ்ரன்ஸ் கொரேரா 1966ஆம் ஆண்டு மார்கழி மாதம் கொட்டாஞ்சேனையில் பிறந்தார். தகப்பனார் துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளைச் சரிபார்த்து எழுதும் கிளாக். தாயார் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்தவர். கூடப் பிறந்தவர் ஒரே தம்பி, பிறெடி. கொன்ஸ்ரன்ஸ் மணம் முடிக்கவில்லை. கோட்டையில் இருந்த ஒரு கப்பல் முகவர் நிலையத்தில் தட்டச்சாளராகச் சேர்ந்து, அந்த நிலையம் மூடப்படும்வரை அங்கேயே வேலை பார்த்தார். அதன்பின் கோயிலின் பங்கு மண்டபத்துப் பின்னறையில் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு நடத்தினார். மாடிவீட்டுத் தொகுதி ஒன்றின் மூன்றாம் மாடியில், பெற்றோர் விட்டுப்போன வீட்டில் இன்றும் இருக்கிறார்.

இவை பதிவுகளில் உள்ளவை. பதிவுகளில் இல்லாத ஒன்றையும் சேர்த்தே எழுதவேண்டும்: அவர் பயந்தவர். படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு, கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிற்பார். அந்தப் பயத்துக்குத் தொடக்கம் உண்டு. யுத்தம் நடந்த 2008இல் பிறெடி வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தபோது தமிழரைத் தேடி இராணுவச் சுற்றிவளைப்பு நடந்தது. அவருடைய மேசைமேல் பழைய சிற்றலை வானொலி ஒன்று கிடந்தது. கிறிக்கட் வர்ணனை கேட்பதற்காக வைத்திருந்தது. அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்கள். பிறெடியையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போனார்கள். எட்டு மாதம் கழித்து ஆள் திரும்பி வந்தார். வந்தவர் பழைய பிறெடி அல்ல. பிறகு கனடாவுக்குப் போய்விட்டார், கிறிக்கட் பார்ப்பதில்லை. அந்த நிகழ்விலிருந்து கொன்ஸ்ரன்ஸ் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வானொலி வைத்திருந்தது தம்பியின் பிழை அல்ல. அதை மேசைமேல் வைத்ததுதான் பிழை.

பச்சையும் வெள்ளையுமான அந்தச் சின்னக் கணினிகள் 2011இல் வந்தன. ஏழைப் பிள்ளைகளுக்கென்றே குறைந்த விலையில் செய்யப்பட்டவை. தூக்கிப்போகக் கைபிடி, தண்ணீர் பட்டாலும் கெடாத ரப்பர் விசைகள், மூடியின் இரு பக்கமும் நிமிர்த்திவைக்க இரண்டு காதுகள். அந்தக் காதுகள்தான் ஏரியல். பிள்ளைகள் அதற்கு ‘முயல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வெளிநாட்டுத் தர்ம நிறுவனம் ஒன்று பங்கு மண்டபத்துக்கு முப்பது முயல்களைக் கொடுத்தது.

கொன்ஸ்ரன்ஸை அதனிடம் இழுத்தது அதற்குள் இருந்த மென்பொருள். அதற்கு உரிமையாளர் என்று எவரும் இல்லை. எவரும் திறந்து வாசிக்கலாம், திருத்தலாம். அதைத் தமிழாக்கும் வேலையில் சென்னையிலும் ரொறன்ரோவிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்த முகம் தெரியாத சிலருடன் அவரும் சேர்ந்தார். ஒரு சொல்லுக்காக மூன்று கிழமை மின்னஞ்சலில் சண்டை பிடித்தார்கள். பக்கத்தில் இயங்கும் மற்றக் கணினிகளைக் காட்டும் திரைக்குச் ‘சுற்றுப்புறம்’ என்று பெயரிடவேண்டும் என்றார் சென்னைக்காரர். கொன்ஸ்ரன்ஸ் விடவில்லை. “எங்கட பிள்ளைகள் அயல் எண்டுதான் சொல்லும்” என்று எழுதினார். ‘அயல்’ நின்றது. அவர் வாழ்நாளில் பிடிவாதமாக நின்று வென்ற சண்டை அது ஒன்றுதான்.

அயல் திரையில் ஒவ்வொரு கணினியும் ஒரு நிற மனித உருவமாகத் தோன்றும். அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோனால் பிள்ளையின் பெயர் வரும். இணைய வசதி இல்லாத வீடுகளில்கூட ஒரு முயல் இன்னொரு முயலைத் தானாகத் தேடிப் பிடிக்கும். மூடியை மூடினாலும் அந்தத் தொடர்பு அறாது. நித்திரையிலும் மற்றவர்களுக்கு வழிவிட்டுக்கொண்டிருக்கும். ஆகவே விசையை அழுத்தி முழுதாக நிறுத்தக்கூடாது, மூடியை மட்டும் மூடவேண்டும் என்று கொன்ஸ்ரன்ஸ் வகுப்பில் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தார்.

2019 ஆகும்போது முப்பதில் பெரும்பாலானவை செத்துவிட்டன. ஒன்றின் திரையை மற்றொன்றுக்குப் போட்டு ஒருசிலவற்றை ஓடவைத்திருந்தார். அவற்றில் ஒன்று அவருடைய மேசையில் இருந்தது. மற்றொன்று எதிர்வீட்டு ருஷ்தாவிடம் இருந்தது. ருஷ்தாவுக்கு அப்போது பத்து வயது. தாய் பைறோஸா, தகப்பன் ஸாலிஹ், புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளர். இரு வீட்டுக் கதவுகளும் நேரெதிர். நத்தாருக்குக் கேக் அந்தப் பக்கம் போகும், பெருநாளைக்கு வட்டிலப்பம் இந்தப் பக்கம் வரும்.

அந்த வருட உயிர்த்த ஞாயிறன்று கொன்ஸ்ரன்ஸ் விடியற்காலைப் பூசைக்குப் போய்த் திரும்பித் தேநீர் வைத்துக்கொண்டிருந்தார். கொச்சிக்கடைக் கோயிலில் குண்டு வெடித்த சத்தத்தில் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அன்றைய நாளைப் பற்றி அவர் இன்றுவரை எவரிடமும் விரித்துச் சொன்னதில்லை. எனவே இங்கும் விரித்து எழுதவில்லை. அதற்குப் பிறகு வந்த கிழமைகளில் பயம் படியேறி மூன்றாம் மாடிக்கு வந்தது. ஆனால் குண்டு வைத்தவர்கள் முஸ்லிம்கள் என்பதால், இம்முறை அது எதிர்க் கதவில் நின்றது. ஸாலிஹ் வேலை பார்த்த கடை மூடிக்கிடந்தது. பைறோஸா பால்கனியில் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டார். சோதனை இன்று ஜிந்துப்பிட்டியில், நேற்று மட்டக்குளியில் என்று தொலைபேசிகளில் செய்தி ஓடியது.

நோன்பு தொடங்கி இரண்டாம் கிழமை. ஒருநாள் பின்னேரம் பைறோஸா ஒரு துவாயில் எதையோ சுற்றிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். பின்னால் ஸாலிஹ் நின்றார்.

“டீச்சர், எங்கட ஆக்கள்ட ஊடுகள்ள எல்லாத்தயும் கிளர்றாங்களாம். பழைய சிம் காட்டுக்கும் கணக்குக் கேக்கிறாங்களாம். இந்தச் சாமானக் கண்டா எனத்த நினைப்பாங்க? ரெண்டு கொம்பு வேற ஈக்கி.”

“கொம்பில்ல பைறோஸா, ஏரியல்.”

“அல்லாவே! ஏரியல் எண்டா அது கொம்ப விட மோசமில்லியா?”

அந்த நேரத்திலும் ஸாலிஹுக்குச் சிரிப்பு வந்தது. “கொம்பெண்டே சொல்லுவோம் டீச்சர், ஆட்டுக்குட்டியெண்டு விட்டுருவாங்க” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நீங்க எடுத்து வெச்சுக்கொள்ளுங்களே. உங்கட ஊட்ல ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டாங்க.”

கொன்ஸ்ரன்ஸ் மனதுக்குள் கணக்குப் போட்டார். தன்னுடைய கணினிக்கு, அது வகுப்புக்குரியது என்று பங்குத் தந்தை எழுதிய கடிதம் இருந்தது. அதை மேசைமேல் துணிந்து வைத்திருக்கக் காரணம் அந்தக் கடிதம்தான். இன்னொன்று வந்தால் அது யாருடையது என்று கேட்பார்கள். முஸ்லிம் வீட்டுச் சாமானை ஏன் வாங்கி வைத்தாய் என்று கேட்பார்கள். ருஷ்தாவுக்கும் அப்படியொரு கடிதம் எழுதுவிக்கலாம் என்ற எண்ணமும் வந்தது. அதற்குப் பங்குத் தந்தையிடம் போகவேண்டும். போனால் தன் பெயரும் அந்தக் கடிதத்தில் ஏறும்.

“ரெண்டாவதை நான் வைக்கேலாது, ஸாலிஹ்” என்றார். “கோவிக்காதீங்க.”

“அப்ப நாளைக்குப் பொலிஸ்லயே கொண்டுபோய்க் குடுத்துர்றன்.”

“ஐயோ, வேண்டாம்! குடுத்தா, ஏன் குடுக்கிறாய் எண்டு அதில பிடிப்பாங்க. பிறெடி வெளியில வெச்சபடியாத்தானே போனவன். கண்ணில படாட்டிக் கேள்வி வராது. எங்கயாவது வெச்சு மூடிவிடுங்க. தலையணை இருக்குத்தானே, பஞ்சுக்குள்ள வெச்சுத் தைச்சிடுங்க.”

பைறோஸா ஸாலிஹைப் பார்த்தார். ஸாலிஹ் கொன்ஸ்ரன்ஸைப் பார்த்தார். யுத்த காலத்துக் கொழும்பில் தமிழராக இருந்து தப்பியவர் சொல்லும்போது, அதை மறுத்துப் பேசத் தனக்கு அனுபவம் இல்லை என்று அவர் நினைத்திருக்கவேண்டும். “டீச்சருக்குத் தெரியாததா” என்றார். ருஷ்தாவின் முயல், வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே மூடியை மட்டும் மூடி, தலையணைக்குள் போனது.

மறுநாள் காலை சோதனை வந்தது. தொகுதியின் வாசலில் இரண்டு பச்சை வாகனங்கள் நின்றன. மூன்றாம் மாடிக்கு ஒரு சார்ஜன்ட், ஒரு பொலிஸ்காரர், சிக்னல் படையைச் சேர்ந்த ஓர் இளம் சிப்பாய் என மூவர் ஏறி வந்தார்கள். முதலில் தட்டியது கொன்ஸ்ரன்ஸின் கதவை.

அடையாள அட்டை பார்த்தார்கள். அலுமாரியைத் திறந்தார்கள். மாதா சுரூபத்தின் முன் சார்ஜன்ட் தொப்பியைச் சற்றே தூக்கினார். எல்லாம் மரியாதையாகவே நடந்தது. பங்குத் தந்தையின் கடிதத்தைப் பொலிஸ்காரர் வாசித்துத் தலையாட்டினார். அவர்கள் புறப்படத் திரும்பியபோது சிப்பாயின் கண் மேசைமேல் போனது.

“ஹாவெக் வகே!” என்று சிரித்தான். முயல் மாதிரி இருக்கிறதாம். காதுகளை நிமிர்த்தி, மூடியைத் திறந்தான். தானும் ஊரில் பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பார்ப்பவன் என்று சிங்களத்தில் கொன்ஸ்ரன்ஸிடம் கதை கொடுத்தான். கொன்ஸ்ரன்ஸும் சிரிக்க முயன்றார். ஏதோ ஒரு விசையை அழுத்தினான். அயல் திரை விரிந்தது.

நடுவில் கொன்ஸ்ரன்ஸின் உருவம். சற்றுத் தள்ளி, மஞ்சளும் ஊதாவுமாக இன்னோர் உருவம்.

அது ருஷ்தாவுடையது என்று கொன்ஸ்ரன்ஸ் கண்டுகொண்டார். கணினியை நிறுத்தும்படி தான் சொல்லவில்லை என்பது அந்தக் கணத்தில்தான் அவருக்கு உறைத்தது. தலையணைக்குள், பஞ்சுக்குள், நித்திரையிலும் அது பக்கத்து முயலைத் தேடிக்கொண்டிருக்கிறது.

“மே கவுத, மிஸ்?” என்று சிப்பாய் கேட்டான். இது யார்? அம்புக்குறியைக் கொண்டுபோனான். பெயர் தமிழில் வந்தது. அவனுக்கு வாசிக்கத் தெரியவில்லை. பொலிஸ்காரருக்கும் தெரியவில்லை. வாசிக்கக்கூடியவர் அந்த அறையில் கொன்ஸ்ரன்ஸ் ஒருவரே.

“பள்ளிக்கூடத்துப் பிள்ளை” என்றார் சிங்களத்தில். “அந்த மெஷின் மண்டபத்தில இருக்கு.”

சிப்பாய் நெற்றியைச் சுருக்கினான். மண்டபம் மூன்று தெரு தள்ளி. அவன் ரேடியோக்காரன். இந்தச் சின்னக் காதுகளுக்கு அவ்வளவு தூரம் எட்டாது என்பது அவனுக்குத் தெரியும். கணினியை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு வெளியே போனான். படியிறங்கினான். அடுத்த மாடி, அதற்கடுத்த மாடி என்று சப்பாத்துச் சத்தம் கீழே போனது. “திரையில் ஆள் போய்விட்டது!” என்று கீழேயிருந்து கூவினான். திரும்ப ஏறினான். மேலே வந்து, மாடிப்படித் திருப்பத்தில் நின்று காத்திருந்தான். மஞ்சளும் ஊதாவுமான உருவம் மறுபடி தோன்றியது. சிறுபிள்ளைகள் ஒளித்துவைத்த சாமானைத் தேடும் விளையாட்டுப் போலவே அதைச் செய்தான். முகத்தில் மகிழ்ச்சிகூட இருந்தது. பிறகு எதிர்க் கதவைப் பார்த்தான். சார்ஜன்டும் பார்த்தார். அவருடைய முகத்தில் இருந்த மரியாதை இப்போது இல்லை.

கதவுக்குப் பின்னால் மூன்று பேர் மூச்சை அடக்கி நிற்பது கொன்ஸ்ரன்ஸுக்குத் தெரிந்தது. இப்போது தான் பேசாவிட்டால் அவர்களாகத் தேடி எடுப்பார்கள். பேசினால் தானே காட்டிக்கொடுத்ததாகும். இரண்டுக்கும் நடுவில் வேறு வழி இருக்கவில்லை. கால்கள் தானாக நடந்தன. சிப்பாய்க்கு முன்னால் போய், கதவுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றார்.

“அது இந்த வீட்டுப் பிள்ளையுடையது” என்றார். “இதே மாதிரி ஒன்று. தலையணைக்குள் இருக்கிறது. ஒளிக்கச் சொன்னது நான். நான் சற்றுமுன் பொய் சொன்னேன்.”

சார்ஜன்ட் அவர் பக்கம் திரும்பினார். “பிள்ளைகளின் மெஷினைத் தலையணைக்குள் வைத்துத் தைப்பார்களா, நோனா?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விதான் கடைசிவரை ஸாலிஹைத் தொடர்ந்தது.

தலையணையைக் கிழித்தார்கள். பஞ்சு வரவேற்பறை முழுவதும் பறந்தது. ருஷ்தா அழவில்லை, தகப்பனின் சறத்து நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸாலிஹைச் சேட்டுப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அவர் பொத்தான்களைத் துளை மாறிப் போட்டார். பைறோஸா கிட்டப் போய் அவற்றைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டார். ஸாலிஹ் அவர்களோடு படியிறங்கும்போது கொன்ஸ்ரன்ஸைத் திரும்பிப் பார்த்தாரா இல்லையா என்பதில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். கொன்ஸ்ரன்ஸ் பார்த்ததாகச் சொல்கிறார். பைறோஸா இல்லை என்கிறார்.

தம்பி பிடிபட்ட காலத்தில் கொன்ஸ்ரன்ஸ் விசாரணை அலுவலகத்தின் வாசலைக்கூட மிதிக்கவில்லை, தாயாரைத்தான் அனுப்பினார். இம்முறை தானே போனார். முதல் நாள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் வீதியோரம் வாந்தி எடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கையில் ஒரு சீடி இருந்தது. அந்தக் கணினியின் மென்பொருள் முழுவதும், எழுதப்பட்டபடியே, அதில் இருந்தது.

விசாரணை செய்தவர் தமிழ் நன்றாகக் கதைக்கும் ஓர் அதிகாரி. “இதை யார் விக்கிறது?” என்றார்.

“ஒருத்தரும் விக்கிறதில்ல, சேர்.”

“எழுதினவங்களுக்குச் சல்லி?”

“இல்ல.”

“உங்களுக்கு?”

“இல்ல, சேர். சும்மாதான்.”

“சும்மா.” அவர் கதிரையில் சாய்ந்தார். “மிஸ், நான் இருபது வருஷமா இந்த வேலை செய்யிறன். சல்லி இல்லாம, முகம் தெரியாத ஆக்களோட, வெளிநாட்டுக்கு இவ்வளவு மெயில் அனுப்புற ஆக்களத்தான் நாங்க தேடுறது.”

அவர் சிரிக்கவில்லை. மொழிபெயர்ப்பு நண்பர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஒரு சொல்லுக்காக மூன்று கிழமை ஏன் சண்டை என்றும் கேட்டார்கள். அந்தக் கேள்வியின்போது தன்னையும் உள்ளே வைத்துவிடுவார்கள் என்று அவர் நிச்சயமாக நம்பினார். ஆனாலும் பறித்து வைத்திருந்த முயலை மேசைக்குக் கொண்டுவரச் சொன்னார். அதில், ஓடிக்கொண்டிருக்கும் நிரலை எழுதியபடியே காட்டும் ஒரு விசை இருந்தது. அதை அழுத்தினார். ருஷ்தா வரைந்த வீட்டுப் படத்துக்குப் பின்னால் இருந்த கட்டளைகள் வரிவரியாக விரிந்தன.

“ஒளிக்கிறதுக்கு இதுக்குள்ள இடமே இல்ல, சேர். எல்லாத்தையும் வாசிக்கலாம்.”

“ஒரு சின்னப் பிள்ளைக்கு இது ஏன்?”

“பிரிச்சுப் பார்க்கிறதுக்கு.”

அதிகாரி அந்த வரிகளைக் கடைசிவரை உருட்டிப் பார்த்தார். “மெஷின்ல ஒளிக்க இடமில்ல. சரி. அப்ப ஏன் மெஷினை ஒளிச்சீங்க?”

“பயத்தில.”

“எதுக்குப் பயம்?”

அதற்குக் கொன்ஸ்ரன்ஸ் என்ன பதில் சொன்னார் என்பது வாக்குமூலத்தில் இல்லை. அவருக்கும் நினைவில்லை.

கணினி ஆபத்தற்றது, பிள்ளைகளின் கல்விக்குரியது என்று ஆராய்ந்தவர்கள் அந்த வருடத்திலேயே எழுதிக்கொடுத்துவிட்டார்கள். ஆயினும் தலையணை நின்றது. குற்றமில்லாத பொருளைத் தைத்து மறைத்தவரிடம் வேறு ஏதாவது இருக்கும் என்று கோப்புச் சொன்னது. கொன்ஸ்ரன்ஸ் நீதவான் முன்னிலையில் மூன்று தவணை நின்று, ஒளிக்கச் சொன்னது தான்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு தவணைக்கு முதல்நாளும் கைப்பையில் ஒரு மாற்றுடையும் பல்தூரிகையும் எடுத்து வைத்தார். இடையில் கொரோனா வந்தது, நீதிமன்றம் மூடியது. 2020 ஜூலையில் ஸாலிஹைத் தடுப்பிலிருந்து விட்டார்கள். முயலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை.

ஸாலிஹ் கொட்டாஞ்சேனையில் இருக்க விரும்பவில்லை. அடுத்த மாதம் பைறோஸாவின் தமக்கை இருக்கும் பக்கமாக, கொலன்னாவைக்கு, வீடு பார்த்துவிட்டார்கள். சாமான் ஏற்ற லொறி வந்த அன்று கொன்ஸ்ரன்ஸ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளே நின்றார். வெளியே வரத் துணிவில்லை. மூடவும் மனம் வரவில்லை. கட்டில் சட்டம் இறங்கியது. தையல் மெஷின் இறங்கியது. கடைசியாகப் பைறோஸா கதவருகே வந்தார்.

“நீங்க சொன்னீங்கண்டுதான் தைச்சன், டீச்சர்” என்றார். “நீங்க சொல்லித்தான் அவங்களும் எடுத்த.”

“ஓம்” என்றார் கொன்ஸ்ரன்ஸ்.

“எனக்கி அத மறக்கேலா.”

“ஓம், பைறோஸா.”

ஸாலிஹ் படியில் நின்றபடி, “போதும் வாங்க” என்றார். மெலிந்திருந்தார், தாடியை மழித்திருந்தார். “டீச்சர் கோட்டுக்கு வந்து சொன்னாங்கதானே. நம்மட ஆக்களே வரல்ல.” பிறகு கொன்ஸ்ரன்ஸைப் பார்த்து, முன்போல் பகிடி விட முயன்றார். “இனி ஒண்டும் ஒளிக்கிறதில்ல, டீச்சர். தலையணையே இல்லாமத்தான் படுக்கிற.”

ருஷ்தா தகப்பனுக்கு முன்னால் இறங்கிப் போனாள். லொறி புறப்படும் சத்தம் கேட்டது. எதிர்க் கதவில் வீட்டுக்காரர் புதிய பூட்டுப் போட்டார். பைறோஸா மணப்பெண்ணாக அந்தக் கதவுக்குள் வந்தது 2006இல். இரு வீட்டாரும் எதிரெதிரே இருந்தது பதினான்கு வருடங்கள்.